பெயர் மாற்றப்பட்டுள்ளது

அன்புள்ள தம்பிக்கு,

நீ இந்தக் கோடைக்கும் வரவில்லை. இது உறுதியான செய்தி. சொன்னவள் உன் மனைவி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நானும் உன் அம்மாவும் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மாமா, இந்த வருஷமும் வர முடியாது போலிருக்கு. பாப்பாவுக்கு நீச்சல் கேம்ப் போட்டாச்சு" என்றாள். "இதை அவன் சொன்னானா, நீயா சொல்றியாம்மா?" என்று கேட்டேன். "அவங்கதான் சொல்லச் சொன்னாங்க மாமா." இன்னொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். 'போலிருக்கு' என்பது அவள் மரியாதைக்காகச் சேர்த்தது. முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தவனுக்கு அந்தச் சொல்லை எப்போது அடித்துவிட வேண்டும் என்று தெரியும். அடித்துவிட்டேன்.

அதற்கு முந்தைய புதன்கிழமை, நான் வேலை பார்த்த பத்திரிகையிலிருந்து ஒரு உதவி ஆசிரியர் பேசினார். குரலை வைத்துச் சொன்னால் முப்பது வயதுக்குள் இருக்கலாம். ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வுபெற்ற நிருபர்கள் ஒவ்வொருவரும் தங்களால் மறக்க முடியாத ஒரு செய்தியைப் பற்றி எழுத வேண்டுமாம். என்னுடையதை அவரே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். "நீடாமங்கலம் வீடியோ கேம் கடை தொடர் சார். பழைய ஃபைல்ல படிச்சேன். மூணாவது பகுதியில அந்தப் பையன் கதை வருது பாருங்க, என்னா ரைட்டிங் சார் அது!" அதோடு அவர் விடவில்லை. "அதைவிட, உங்க பையனே இப்ப கனடாவுல கேம் கம்பெனியில பெரிய ஆளா இருக்காரு. செம ட்விஸ்ட் சார். கடைசியில அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க." பேசி முடித்ததும் உன் கம்பெனியின் இணையப் பக்கத்தை எனக்கு அனுப்பினார். நீ உன்னைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்பை அப்படித்தான் முதல்முறையாகப் படித்தேன். என் மகன் எப்படி வளர்ந்தான் என்ற விவரம் முகம் தெரியாத ஒரு உதவி ஆசிரியர் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அந்த மூன்றாவது பகுதியில் நான் செய்ததை, அதே பத்திரிகையில், என் பெயரைப் போட்டு எழுதலாமா, கூடாதா? எழுதினால் நீ மறுபடியும் அச்சில் வருவாய். போன முறை உன்னைக் கேட்கவில்லை. இந்த முறை கேட்கிறேன். இந்தக் கடிதத்தைத்தான் கட்டுரையாகக் கொடுக்க நினைக்கிறேன். உனக்கு நன்றாகத் தெரிந்தவற்றையும் விளக்கிச் சொல்லியிருப்பது, நீ சரி என்றால் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால்தான்.

உன் குறிப்பின் தலைப்பு, என்னை உருவாக்கிய ஐந்து ஆட்டங்கள். பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தேன். முதல் ஆட்டம், விழுகிற முட்டைகளைக் கூடையில் பிடிப்பது. உன் தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த உள்ளங்கை அளவுக் கருவி, அப்போது உனக்கு ஏழு வயது. சரி. பேட்டரி தீர்ந்த பிறகும் இரண்டு மாதம் வெறும் திரையைப் பார்த்து விளையாடியதாகவும், முட்டை எங்கே விழும் என்று மனதுக்குள் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறாய். அதுவும் சரி. அந்தப் பொத்தான் பேட்டரி நீடாமங்கலத்தில் கிடைக்காது. தஞ்சாவூரில் வாங்கி வருகிறேன் என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்லி, ஒவ்வொரு வாரமும் மறந்தவன் நான். இதை நீ எழுதவில்லை. எழுதியிருக்கலாம். இரண்டாவது டாங்கி ஆட்டம், மூன்றாவது மோட்டார் சைக்கிள் பந்தயம். இரண்டும் ரயில்வே கேட் பக்கம் இருந்த கலியபெருமாள் கடையில். அவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறாய். நான்காவது, நகரம் கட்டும் ஆட்டம், தஞ்சாவூர் கம்ப்யூட்டர் சென்டரில், வாத்தியார் சாப்பிடப் போகும் நேரத்தில். ஐந்தாவது, இன்ஜினியரிங் படித்தபோது நெட் சென்டரில் ஆறு பேர் சேர்ந்து ஆடியது. தோற்ற பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க அங்கேதான் கற்றுக்கொண்டாய் என்கிறாய். இவை எல்லாம் எனக்குத் தெரிந்த விவரங்களோடு ஒத்துப்போகின்றன.

பிழை ஒரு வரியில் இருக்கிறது. மூன்றாவது ஆட்டத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில், 'பதிமூன்று வயதில் நாங்கள் வீடு மாறினோம், அதனால் இரண்டு வருடம் விளையாடவில்லை' என்று எழுதியிருக்கிறாய். நாம் தஞ்சாவூருக்கு வீடு மாறியபோது உனக்குப் பதினைந்து வயது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நீ நீடாமங்கலத்தில்தான், அதே வீட்டில்தான் இருந்தாய், விளையாடாமல். உன் ஞாபகசக்தியைப் பற்றி எனக்குத் தெரியும், அது பிசகாது. அப்படியானால் அது என்னைக் காப்பாற்றுவதற்காக நீ எழுதிய பொய். தாசில்தார் ஆபீஸிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் எத்தனையோ பேர் சொன்ன பொய்யைப் பிடித்து எழுதியிருக்கிறேன். என்மேல் இரக்கப்பட்டு ஒருவர் சொன்ன பொய்யைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. பிடித்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அந்த நாட்களில் நாடு தன் கதவுகளைத் திறந்துவிட்டது என்று எங்கள் பத்திரிகையில் ஓயாமல் எழுதினோம். நீடாமங்கலத்தில் அது எப்படித் தெரிந்தது என்றால், மெயின் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வந்தது, மாடிக்கு மாடி கேபிள் ஒயர் ஓடியது, குறுவை சரியாக வராத வீடுகளில் பையன்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். கலியபெருமாள் அப்படிப் போனவர்தான். அவருடைய அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் நான்கு வருடம் வெல்டிங் வேலை செய்துவிட்டு, இரண்டு கலர் டிவியோடும் இரண்டு கேம் பெட்டியோடும் ஊருக்கு வந்தார். ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். எங்கள் ஊர் கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும்வரை மன்னார்குடி பஸ்ஸும் நெல் லாரியும் கல்யாண காரும் நிற்கும். "நிக்கிற சனத்துக்கு எதையாச்சும் காட்டணும்ல சார், அதான் இந்த எடத்தைப் புடிச்சேன்" என்று அவர் என்னிடம் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது. நின்ற சனத்தில் பாதி, சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பையன்கள்.

நான் அப்போது பகுதிநேர நிருபர். செய்தியை எழுதி, கவரில் போட்டு, மாலை நாலரை மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அது திருச்சி அலுவலகத்துக்குப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடியோ கேம் கடைகளில் கெட்டுப்போவது பற்றி ஒரு தொடர் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பகுதி எழுதினேன். கொட்டகை வாசலில் 'யூனிபார்மில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை' என்று கலியபெருமாள் ஒரு போர்டு மாட்டியிருந்தார். நான் அதைப் பார்த்தேன். எழுதவில்லை. நீங்கள் எல்லாம் பையில் கலர்ச் சட்டை கொண்டுவந்து, கூட்ஸ் ஷெட் சுவருக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு போனீர்கள் என்பதை மட்டும் எழுதினேன். மூன்றாவது பகுதிக்கு முன்னால் செய்தி ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "கேஸ் ஒண்ணு வேணும்யா. பாதிக்கப்பட்ட பையன் ஒருத்தன். அது இல்லாம எதுக்கு மூணாவது பகுதி?" நான்கு வீடுகளுக்குப் போனேன். நான்கிலும் மறுத்துவிட்டார்கள். பேரை மாற்றித்தான் போடுவோம் என்று சொல்லியும் ஒரு அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார். "மாத்திப் போட்டாலும் தெரியும் சார். இது என்ன மெட்ராஸா? நாளைக்கு எம்புள்ள எந்த மூஞ்சியோட ஸ்கூலுக்குப் போவான்?" படிப்பில்லாதவர், பத்திரிகை நடைமுறை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எச்சரிக்கை கொடுத்ததில்லை.

மதியம் இரண்டு மணிக்கு எழுத உட்கார்ந்தேன். பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. கையில் பையன் இல்லை. அப்போது நீ என் ஞாபகத்துக்கு வந்தாய். டியூஷன் என்று சொல்லிவிட்டு நீ கேட் பக்கம் போவது எனக்குத் தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை, பேசவும் இல்லை. எழுதினேன். சுரேஷ் என்று பெயர் வைத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், எங்கள் தொழிலில் எல்லோரும் போடுகிற 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்பதைப் போட்டேன். கிறிஸ்தவப் பெயரை எடுத்துவிட்டு இப்படி ஒரு பெயர் வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டேன், அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். மற்றதை எல்லாம் அப்படியே விட்டேன். ரயில்வே கேட்டுக்கு அருகில் குடியிருக்கும் சிறுவன், ஆறாம் வகுப்புவரை முதல் மாணவன், தாய் பள்ளி ஆசிரியை. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு வீடுதான் இருந்தது. கணக்கில் மார்க் குறைந்ததை எழுதினேன், அது உண்மை. தூக்கத்தில் விரல்கள் பொத்தானை அமுக்குவதுபோல் துடிக்கின்றன, தினமும், என்று எழுதினேன். நான் பார்த்தது ஒரே ஒரு நாள். மூன்றாவதாக இன்னொரு விஷயம். உன் உடம்பு சம்பந்தப்பட்டது. அம்மா சமையலறையில் என்னிடம் மட்டும் கவலைப்பட்டுச் சொன்னது, ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது. அதையும் எழுதினேன். இங்கே அதைத் திரும்ப எழுத மாட்டேன். படிக்கிறவர்கள் அது இல்லாமலே புரிந்துகொள்ளட்டும்.

உன் ஐந்து ஆட்டங்களில் நான் தேடிய ஒன்று இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடியது ஒன்றே ஒன்றுதான். காலையில் பேப்பர் வந்ததும் சிவப்புப் பென்சிலால் தப்பு கண்டுபிடிப்பது. அச்சுப்பிழைக்கு ஒரு பாயின்ட், தகவல் பிழைக்கு ஐந்து. ஒன்பது வயதிலிருந்து ஆடினோம். பதினொரு வயதில் நீ என்னைத் தோற்கடிக்க ஆரம்பித்தாய். மூன்றாவது பகுதி வந்த அன்று காலை நான் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தேன். நீ பேப்பரோடு வந்து நின்றாய்.

"அப்பா, அஞ்சு பாயின்ட் ஒண்ணு இருக்கு."

"என்னடா?"

"வயசு பதினாலுன்னு போட்டிருக்கீங்க. பதிமூணுதான்."

முகத்தில் சோப்பு நுரை இருந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. "பேரை மாத்துற மாதிரி வயசையும் மாத்துவோம்டா" என்றேன்.

"அப்ப பாயின்ட் கிடையாதா?"

"கிடையாது."

நீ பேப்பரை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாய். நான் சொன்னது பொய். வயதை நான் மாற்றவில்லை. உனக்குப் பதினாலு என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் யாருடைய வயதையும் இரண்டு பேரிடம் கேட்டு எழுதுகிறவன், என் பிள்ளையின் வயதை யாரிடமும் கேட்காமல் தப்பாக எழுதினேன்.

அன்று பள்ளியில் என்ன நடந்தது என்பது மூன்று வாரம் கழித்து, டீக்கடையில் டிரில் மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கும் வேலை வாரத்தில் இரண்டு நாள் உன்னுடையது, நிருபர் மகன் என்பதால். அன்று உன் முறை. ஹெட்மாஸ்டர் உன்னிடம், "தலைப்புச் செய்தி போதும், நம்ம ஊர்க் கட்டுரையை முழுசாப் படி. உங்க அப்பா எழுதுனது, எல்லாப் பயலுகளும் கேக்கட்டும்" என்றாராம். அவருக்கு விவரம் தெரியாது. நீ படித்தாய். மூன்றாவது விஷயத்தையும் விடாமல் படித்தாய். டிரில் மாஸ்டர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். "உங்க பையன் தங்கமான பையன் சார். ஒரு எடத்துலயும் தடுமாறலை." நடுவில் எட்டாம் வகுப்பு வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்களாம், அப்புறம் பக்கத்து வரிசை, அப்புறம் எல்லோரும். மறுநாளிலிருந்து உன் பெயர் பள்ளியில் மாறிப்போனது. "டேய் சுரேஷ், ராத்திரி தூக்கம் எப்படிடா?" என்று நம் வீட்டு வாசலிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு கத்திப் போவார்கள். அது என் காதிலும் விழுந்தது. "யாருடா அந்த சுரேஷ்?" என்று உன்னிடமே கேட்டேன். "ஒரு பையன்ப்பா" என்றாய்.

அம்மா தன் பள்ளியின் ஆசிரியர் அறையில் படித்தாள். சாயங்காலம் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எட்டு ஊருக்குப் போயி ஒவ்வொருத்தரையா கேட்டுக் கேட்டு எழுதுவீங்க. இதே ஹால்ல உக்காந்திருந்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?" என்றாள். "பேரைத்தான் மாத்திட்டேனே" என்றேன். "பேரை மாத்திட்டீங்க. அப்பனை மாத்த முடியலையே." அதற்கப்புறம் அவள் பேப்பரில் என் செய்தி இருக்கும் பக்கத்தைப் படிப்பதில்லை. நான் ஓய்வு பெறும்வரை படிக்கவில்லை.

நீ மறுநாளே விளையாட்டை விட்டாய். யாரும் உன்னை விடச் சொல்லவில்லை. காலைப் பேப்பரையும் தொடவில்லை. சிறுவன் திருந்திவிட்டான் என்று நான்காவது பகுதியில் அதையும் தொடரின் பலனாக எழுதினேன். பத்து நாளில் கொட்டகைக்காரர் கலியபெருமாளைக் காலி செய்யச் சொன்னார். ஒரு வருடத்தில் என்னை முழுநேர நிருபராக்கினார்கள். அடுத்த வருடம் தஞ்சாவூருக்கு மாற்றல். உன் குறிப்பில் வரும் வீடு மாற்றம் அதுதான். உன் ஆட்டம் நின்றதற்குக் காரணம் அந்த வீடு என்று எழுதியிருக்கிறாய். அந்த வீடு கிடைத்ததற்கே காரணம் உன் ஆட்டம் நின்ற கதைதான்.

உன் குறிப்பின் கடைசி வரி: 'ஆட்ட உலகில் எல்லோருக்கும் என்னை சுரேஷ்13 என்றால்தான் தெரியும். பள்ளி நண்பர்கள் வைத்த பெயர்.' இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். பிறகு அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. "தெரியும். காலேஜ்லேருந்தே அந்தப் பேருதான்" என்றாள். "எங்கிட்ட யாரும் சொல்லலையே." "நீங்க கேக்கலையே." உன் குறிப்பில் இரண்டாவது பிழை இது. நண்பர்கள் வைத்த பெயர் இல்லை அது. வைத்தவன் நான். பக்கத்தில் இருக்கும் எண் உன் சரியான வயது, அன்றைக்கு நான் உனக்குத் தர மறுத்த ஐந்து பாயின்ட். கோடிக்கணக்கில் பேர் ஆடுகிற உலகத்தில், என் கட்டுரையைத் திருத்திய ரூபத்தில் நீ உலாவிக்கொண்டிருக்கிறாய். நான்தான் இத்தனை வருடம் படிக்கவில்லை.

திங்கட்கிழமை நீடாமங்கலம் போனேன். கலியபெருமாள் ஊரில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்டைத் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் வீடு. அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறார். மெஷினுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அடடே, நிருபர் சாரா! வாங்க. இப்ப எதை மூட வந்திருக்கீங்க?"

உட்கார நாற்காலி போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "கடை போனது பெருசு இல்லைங்க. ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு வீடு டிவி கேம் வந்துருச்சு, அது தானா மூடியிருக்கும். ஆனா ஊர்ப் புள்ளைங்களைக் கெடுத்தவன்னு ஒரு பேரு வந்துச்சு பாருங்க. ரெண்டு எடத்துல பொண்ணு தரமாட்டேன்னுட்டாங்க. மறுபடி சிங்கப்பூருக்கே ஓடுனேன். பதினோரு வருஷம்." போர்டைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். "இருக்கு சார், கோழிக்கூண்டுக்கு மேல கூரையாப் போட்டிருக்கேன். பாக்குறீங்களா?" பார்த்தேன். எழுத்து பாதிக்கு மேல் அழிந்திருந்தது. 'அனுமதி இல்லை' மட்டும் தெரிந்தது.

பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "தம்பி ஒவ்வொரு தடவையும் வந்துடும். போன தடவைகூட மூணு மணி நேரம் இருந்துச்சு. எம்பொண்ணு போன்ல ரெண்டு பேரும் பைக் ரேஸ் ஓட்டுனோம், தோத்துட்டேன்." போன தடவை நீ வந்திருந்தது மொத்தம் மூன்று நாள். அதில் ஒரு மத்தியானம் மன்னார்குடியில் நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். அன்று மதியச் சாப்பாட்டுக்கு நானும் அம்மாவும் இரண்டரை மணிவரை காத்திருந்தோம். "என்னைப் பத்தி ஏதாச்சும் பேசுவானா?" என்று கேட்டேன். இந்த வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. கலியபெருமாள் யோசித்தார். "இல்லைங்க. நல்லதாவும் பேசாது, கெட்டதாவும் பேசாது." நீ என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் ஒரு போர்டை மறைத்த கட்டுரையாகிவிடும். நீ சண்டை போட்டதே இல்லை. சனிக்கிழமைதோறும் அம்மாவோடு வீடியோவில் ஒரு மணி நேரம் பேசுகிறாய். நான் கேமராவில் தெரியாதபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் போன் என் கைக்கு வரும். "மழை உண்டாப்பா? மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சா?" நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நமக்கென்ன, வராவிட்டால் நமக்கென்ன? ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அணையின் நீர்மட்டத்தைத் தேடிப் படித்து வைத்துக்கொண்டு உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ என்னிடம் கேட்பது அது ஒன்றுதான். கேட்காமல் எழுதியது என் குற்றம். கேட்க வேண்டியதைக் கேட்காமலே இத்தனை வருடத்தை ஓட்டியதில் உனக்கும் பங்கு இருக்கிறது. பங்கு சரிபாதி இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீ கேட்கலாம். ஒரு தப்பை முழுசாகச் செய்து பார்த்தவன் என்ற தகுதி இருக்கிறது. உன் புது ஆட்டத்தில் பயந்து கத்துகிற ஒரு குட்டிப் பெண்ணின் குரல் நம் பாப்பாவுடையது என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். குளியலறையில் கரப்பான் பூச்சியைப் பார்த்து அவள் நிஜமாகவே அலறியதை போனில் பதிவு செய்து வைத்திருந்தாயாம். நன்றாகத்தான் இருக்கும். அவளைக் கேட்டாயா? ஒன்பது வயதுக்கும் ஒரு சரியும் ஒரு வேண்டாமும் உண்டு. பிள்ளைகள் நமக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். நேரம் நெருக்கும்போது கை முதலில் அங்கேதான் போகும். அவள் பள்ளியில் யாராவது அந்தக் கத்தலைக் கத்திக் காட்டும் முன்னால் கேட்டுவிடு. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், சரி என்று எடுத்துக்கொள்ளாதே. நீயும் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

இனி நிலவரம். கலியபெருமாளிடம் திங்கட்கிழமை நேரில் கேட்டேன். "போட்டுக்கங்க சார். ஆனா எம்பேரை மாத்தாமப் போடுங்க" என்றார். மாற்றவில்லை. அம்மாவிடம் நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது முழுவதையும் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினேன். "அவன் சரின்னா சரி" என்றாள். உன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் இது உதவாது என்று நம் இருவருக்கும் தெரியும். உதவி ஆசிரியர் வியாழக்கிழமை மாலை நான்கு மணிவரை அவகாசம் தந்திருக்கிறார். அங்கே உனக்கு அப்போது வியாழன் காலை ஆறரை. எங்கள் தொழிலில், கேட்டும் பதில் வராவிட்டால், தொடர்புகொள்ள முயன்றும் பதில் கிடைக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டுச் செய்தியைப் போட்டுவிடுவோம். இதில் அப்படிச் செய்ய மாட்டேன். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அவர்களுக்குப் புயல் நிவாரணத்தைப் பற்றி வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது செவ்வாய் மாலை ஆறு மணி. இதை உன் மெயிலுக்கு அனுப்புகிறேன். விரும்பாத வரி இருந்தால் அடித்து அனுப்பு, காரணம் சொல்ல வேண்டாம். முழுவதும் வேண்டாம் என்றால் அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் அதை உன் மனைவியிடம் சொல்லி அனுப்பாதே, நீயே சொல். உன்னிடமிருந்து எனக்கு நேரடியாக ஒரு 'வேண்டாம்' இதுவரை வந்ததில்லை. வியாழன் நான்கு மணிவரை போனைப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

அப்பா